மருந்து கேக்குதா?

கிள்ளானில் கையுறை செய்யும் ஆலை ஒன்றில் பவுனம்மாளுக்கு ஓட்டை பார்க்கிற வேலை. கையுறைக்குள் காற்றை அடைத்து, வாயை முறுக்கிப் பிடித்து, உப்பிய விரல்களைக் கன்னத்தருகே கொண்டுபோவாள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கன்னத்துக்குத் தெரியும். யாரோ மெல்ல ஊதுவது போல ஒரு குளிர்ச்சி. அந்தக் கையுறையைக் கழிவுக் கூடையில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். எந்த ஓட்டையும் தன்னிடமிருந்து தப்பாது என்கிற எண்ணம் அவளுக்கு இருந்தது. ஆலையில் அந்த எண்ணத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள்.

வீட்டில் தம்பி சின்னையா இருந்தான். ஒரு காலத்தில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். வாயாடி. சில்லறை இல்லாத பாட்டிகளிடம், "அடுத்த ஜென்மத்துல குடுங்க ஆச்சி" என்று சொல்லிச் சிரிக்க வைப்பான். 1979இல் ஒரு நாள் காலை, பத்து தீகா தாண்டியதும் மணியை விடாமல் அடித்தான். பிரேக்கை அறுத்துவிட்டார்கள் என்று கத்தி எல்லாரையும் இறக்கிவிட்டான். டிரைவர் தார் ரோட்டில் மல்லாந்து படுத்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்தார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

"யார்டா சொன்னது உனக்கு?"

"பின் சீட்டுல பேசிக்கிட்டாங்கண்ணே."

பின் சீட்டில் அன்று ஆளே இல்லை.

அதற்குப் பிறகு அவன் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. பின் சீட்டுக்காரர்கள் மட்டும் அவனோடு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மா சொல்படி முதலில் கோயில், மந்திரித்த கயிறு, காப்பாரில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் ஓதிக்கொடுத்த தண்ணீர் என்று போனது. கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மனநலக் கிளினிக். மாதம் ஒரு முறை அங்கே போய் ஊசி போட்டு மாத்திரை வாங்கி வரவேண்டும். அழைத்துப்போனவர் தாய்மாமன் நாகையா. மணல் ஏற்றும் லோரி வைத்திருந்தார். காப்பார் சாலையில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில்தான் அம்மாவும் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். பவுனம்மாளுக்கு ஆலையில் விடுப்பு கிடைப்பது கஷ்டம். லோரியின் முன்சீட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம். அதனால் அவள் கிளினிக்கின் உள்ளே போனதே இல்லை.

மருந்து அவனை மாற்றியது, இல்லையென்று சொல்ல முடியாது. நடை மாறியது. கைகளை ஆட்டாமல், பெட்டி சுமக்கிறவன் போல நடந்தான். முகத்தில் சிரிப்பு வருவதற்கான வழிகள் அடைந்துபோயின. விரல்கள் நடுங்கின. ஆனால் சுவரைப் பார்த்துப் பேசுவது நிற்கவில்லை. சில மாதங்கள் முணுமுணுப்பாக இருக்கும். சில மாதங்கள் முற்றத்துக்கு வந்து, "நான் அறுக்கலை! நான் அறுக்கலை!" என்று கத்துவான்.

ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் நாகையா லோரியை அணைக்காமலேயே சொல்வார். "மருந்து நல்லாக் கேக்குதாம் பவுனு. டிரெசரே சொல்லிட்டாரு."

டிரெசர் என்றால் கிளினிக்கில் டாக்டருக்குத் துணையாக நின்று ஊசி போடுகிற ராதாகிருஷ்ணன். டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். தமிழர் யாரும் வரவில்லை. ராதாகிருஷ்ணன்தான் எல்லாருக்கும் வாய்.

மருந்து நன்றாகக் கேட்கிறதென்றால் இந்தக் கத்தல் எங்கிருந்து வருகிறது? பவுனம்மாள் யோசித்தாள். யோசித்த வரைக்கும் அவள் கணக்கில் பிழை இல்லை. மருந்து கேட்கிறது. ஆனாலும் இவன் கத்துகிறான். அப்படியானால் இவன் மருந்தை விழுங்குவதில்லை. எங்கோ ஓட்டை இருக்கிறது.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு. கன்னத்துல ஒதுக்கி வெச்சிருக்கியா?"

"முழுங்கிட்டேங்கா."

"பொய்."

அவன் பொய் சொல்லவில்லை. தொடக்கப் புள்ளி தவறாக இருந்தால், நேராக நடக்கிறவர்தான் அதிக தூரம் தவறிப் போகிறார். பவுனம்மாள் நேராக நடக்கிறவள்.

ஒரு மாதம் நாகையா சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சொட்டு மருந்து. நிறம் இல்லை, ருசி இல்லை. "டீயில விட்டுருங்க, தெரியவே தெரியாதுன்னு டிரெசர் சொன்னாரு" என்றார். அவள் அதைக் காலி மைலோ டின்னுக்குள் வைத்து, மேலே வெங்காயத் தோலைப் போட்டு மறைத்தாள். காலையில் டீ ஆற்றும்போது சொட்டு விடுவாள். மாத்திரைகளும் தொடர்ந்தன. அவன் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவள் அதை நோய் என்று எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அவன் டீ டம்ளரை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தான்.

"அக்கா, டீயில என்னமோ போடுற."

"என்னத்தப் போடப் போறேன்? சீனிதான்."

"அவங்க சொல்றாங்க, நீ போடுறன்னு."

"அவங்களையே டீ போட்டுக் குடுக்கச் சொல்லு, போ!"

அடுத்த முறை நாகையா இதையும் கிளினிக்கில் சொன்னார். சோற்றில், டீயில் விஷம் வைப்பதாகச் சொல்வது இந்த நோயில் வழக்கம்தான் என்று பதில் வந்தது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பவுனம்மாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவன் சொன்ன உண்மையை டாக்டரே நோயின் கணக்கில் சேர்த்துவிட்டார் அல்லவா?

இப்படியே வருடங்கள் ஓடின. அம்மா செத்துப்போனாள். பவுனம்மாளைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடமும், முற்றத்தில் நின்றவனைப் பார்த்துவிட்டு டீ குடித்ததோடு எழுந்து போயின.

1995ஆம் ஆண்டின் நடுவில், ஆணி தேடிக்கொண்டிருந்த சின்னையாவின் கையில் அந்த மைலோ டின் சிக்கியது. பவுனம்மாள் வேலை முடிந்து வந்தபோது புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நடுவில் நின்றிருந்தான்.

"சீனியா இது?"

அவன் கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் எறிந்தான். தடுக்கப் போனவளைத் தள்ளினான். அவள் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டு வந்த நாகையா, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே இருந்த மருமகளையும், மூலையில் குந்தி அழுதுகொண்டிருந்தவனையும் பார்த்தார்.

"போதும் பவுனு. இனிமே நான் லோரியில ஏத்த மாட்டேன். தைப்பூசம் வரைக்கும் டைம் தரேன். அதுக்கப்புறம் வடக்க, பைத்தியக்காரங்கள வெச்சிருக்கிற அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில கொண்டு விட்டுரு. அங்க சேத்துக்குவாங்க."

"அங்க போனவங்க யாரு மாமா திரும்பி வந்தாங்க?"

"திரும்பி வந்து யாரைத் தள்ளணும்? அடுத்த தடவை கழுத்து முறியும். அவனை விட மாட்டேன்னா நீயும் வேற வீடு பாத்துக்க. எனக்கும் பேரப்பிள்ளைங்க ஓடியாடுற எடம்லா இது."

கெட்ட மனிதர் இல்லை அவர். இத்தனை வருடம் லோரி ஓட்டியவர். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருடம்தான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் என்கிற மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. சின்னையா பஸ் என்றால் ஏறமாட்டான். ரயிலுக்கு என்ன சொல்வானோ என்று பயந்துகொண்டேதான் அழைத்துப்போனாள். கட்டு அவிழ்த்த கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. கதவுகள் தாமாகத் திறந்தன. சின்னையா உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கண்டக்டர் இல்லையாக்கா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று ஏறினான். கோலாலம்பூரின் பழைய நிலையத்தில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் வரை இருவரும் நடந்தார்கள். அவன் அவளுக்கு நாலடி தள்ளியே வந்தான்.

அப்படித்தான் பவுனம்மாள் முதல் முறையாகக் கிளினிக்கின் உள்ளே போனாள். டாக்டர் புதியவர், முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண்மணி. ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டார். ராதாகிருஷ்ணன், ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், பழகிப்போன குரலில் சின்னையாவிடம் கேட்டார்.

"என்னா தம்பி, மருந்து கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

ராதாகிருஷ்ணன் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சொன்னார். டாக்டர் எழுதக் குனிந்தார்.

பவுனம்மாளுக்கு என்னவோ உறுத்தியது. அவன் 'கேக்குது' என்று சொன்ன விதம். குணமானவன் சொல்கிற மாதிரி இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

"என்னடா கேக்குது?"

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "மருந்துதான். அதைத்தானே அண்ணன் கேக்குறாரு."

"மருந்து கேக்குதுன்னா?"

"பேசுது. முழுங்கினதும் வயித்துலேர்ந்து மேல வந்து பின் சீட்டுல உக்காந்துக்கும். அவங்களோட சேந்து அதுவும் பேசும். பிரேக்கை நீதான் அறுத்தேன்னு சொல்லும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தான். "இந்த மாசம் சத்தம் ஜாஸ்தி."

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"ஒவ்வொரு மாசமும் சொல்றேனே! கேக்குதா கேக்குதான்னு கேக்குறாங்க, கேக்குது கேக்குதுன்னு சொல்றேன். டாக்டருக்கு எல்லாம் தெரியும்."

ராதாகிருஷ்ணனின் கையில் ஊசி அப்படியே நின்றது.

டாக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னவென்று மலாயில் கேட்டார். பவுனம்மாள் தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், சொன்னாள். மருந்தின் குரல் இவன் காதில் விழுகிறதாம், டோக்டர். பலிக்கிறது என்று இவன் ஒரு நாளும் சொல்லவில்லையாம். மலாயில் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. காதில் விழுவதற்கு அங்கே ஒரு சொல், மருந்து பலிப்பதற்கு வேறொரு சொல். தமிழில் விசாரிப்பதும், செவியில் விழுவதும், சொல்பேச்சுக்கு அடங்குவதும், நோய் மருந்துக்கு இணங்குவதும் எல்லாம் ஒரே கேட்பதுதான். தெளிந்த மனத்தோடு இருக்கிறவர்கள் அதில் எது எது என்று இடம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறார்கள். சின்னையாவால் அது முடியவில்லை. அவனைத் தவிர எல்லாராலும் முடிந்தது என்பதால், அவனும் பிரித்துக்கொள்கிறான் என்றே நினைத்துவிட்டார்கள்.

"நான் வேற எப்படிக்கா கேக்குறது?" என்றார் ராதாகிருஷ்ணன். "எங்க வீட்ல காய்ச்சல்னாலும் அப்படித்தான் கேப்போம்லா. மருந்து கேக்குதா, கேக்கலையான்னு."

அவர்மேல் கோபப்பட பவுனம்மாளுக்கு வழியில்லை. அவளும் அப்படித்தான் கேட்டிருப்பாள்.

டாக்டர் வெகுநேரம் பழைய ஏடுகளைப் புரட்டினார். மருந்து பலித்தது, பலித்தது என்று மாதாமாதம். நடுநடுவே நோய் முற்றியபோதெல்லாம் நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்று. பிறகு மலாயில், பவுனம்மாளுக்குப் புரியும்படி மெதுவாகப் பேசினார். உன் தம்பி மருந்தை விழுங்கித்தான் இருக்கிறான். இந்த மருந்துகளுக்கு அடங்காத நோய் சிலருக்கு உண்டு. அவர்களுக்கென்று ஒரு மருந்து இப்போது வந்திருக்கிறது. ஆனால் அது இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடலாம். குறைந்தால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொல்லும். அதனால் வாரா வாரம் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் மருந்தை நிறுத்திவிடுவேன். ஒளித்துக் கொடுக்கிற வேலை இதில் நடக்காது. அவனே சம்மதித்து அவனே கையை நீட்ட வேண்டும்.

ராதாகிருஷ்ணன் இதைச் சின்னையாவிடம் சொன்னார். இம்முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக.

சின்னையா கேட்டான். "ரத்தத்தை எடுத்து யாருக்குக் குடுப்பீங்க?"

"யாருக்கும் இல்ல தம்பி. பாத்துட்டுக் கொட்டிருவாங்க."

"டீயில விடுவாங்களா?"

பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ராதாகிருஷ்ணனும் குனிந்துகொண்டார்.

"மாட்டாங்க" என்றார் அவர்.

"அக்கா கையால வேணாம். நானே டப்பாவத் தொறந்து எடுத்துக்குவேன். அப்படின்னா சரி."

முதல் சில வாரங்கள் கோலாலம்பூர் அரசு ஆஸ்பத்திரி வார்டில் வைத்துத்தான் அந்த மருந்தைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் பூட்டுப் போட்ட டப்பா ஒன்று அவன் தலைமாட்டில் இருந்தது. சாவி அவன் அரைஞாணில். அவள் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பதற்கு, சமையலறையில் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது.

மருந்து அவனை நிறையத் தூங்க வைத்தது. எச்சில் வழிந்து தலையணை நனைந்தது. உடம்பு பெருத்தது. ஆனால் கழுத்தின் இழுப்பு விட்டது. ஒரு நாள் கொமுட்டரில் ஒரு குழந்தை நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டியதற்கு இவனும் நாக்கை நீட்டினான். பவுனம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு மேல் சந்தோஷப்பட விடவில்லை அந்த மருந்து. தெளிந்து வரவர அவன் கேட்ட கேள்விகள் அவளைக் கொன்றன. அம்மா எப்போது செத்தாள்? நான் கொள்ளி வைத்தேனா? வைத்தாய் என்றாள். "அப்ப நான் அழுதேனா?" இல்லை என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கூட வேலை பார்த்த டிரைவர் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றான். அவர் போய்ச் சேர்ந்தது எத்தனையோ காலத்துக்கு முன்னால். கண்ணாடியில் தன் நரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். நோய் இருந்தவரை அவனுக்குக் காலம் ஓடவில்லை. இப்போது மொத்தமாகச் சேர்த்து ஒரே வீச்சில் வந்து விழுந்தது.

பொங்கல் முடிந்த வாரம் ராதாகிருஷ்ணன் முகம் சரியில்லை. வெள்ளை அணு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் மருந்தை நிறுத்த வேண்டியதுதான், பிறகு ஒருபோதும் கொடுக்க மாட்டார்கள் என்றார். இடைவெளியைக் குறைத்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை ஆலையில் பவுனம்மாள் கன்னத்தில் எதுவும் படவில்லை. ஓட்டைக் கையுறைகள் அவளைத் தாண்டிப் போய், மேற்பார்வையாளர் திட்டினார். அணுக்கள் மீண்டும் ஏறின. எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்பது மட்டும் அப்படியே இருந்தது. அதோடுதான் இனிமேல் வாழ வேண்டும் என்று அவளுக்கு விளங்கியது.

தைப்பூசத்துக்கு மறுநாள் மாலை நாகையா வந்தார். பத்துமலைக்குப் போய்வந்த களைப்பு, மொட்டைத் தலையில் சந்தனம். நாற்காலியில் உட்கார்ந்து சின்னையாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடா, இன்னும் காதுல கேக்குதா?"

இல்லை என்று சொல் என்று பவுனம்மாள் மனம் கெஞ்சியது. இல்லை என்ற ஒரு சொல் போதும். வீடும் தங்கும், இவனும் தங்குவான். முன்பே சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

"கேக்குது மாமா" என்றான் சின்னையா.

நாகையா அவள் பக்கம் திரும்பினார். "பாத்தியா? நான் சொன்னேன்லா. புது மருந்தாம், ரத்தமாம். நாளைக்கே லோரியை எடுக்கிறேன்." எழுந்துவிட்டார்.

"மாமா, உக்காருங்க." பவுனம்மாள் வாசலை மறித்து நின்றாள். வாழ்நாளில் அவரை மறித்ததில்லை. "அவன் ஒரு வார்த்தை சொன்னதும் எந்திரிச்சுப் போயி போயித்தான் நாம எல்லாரும் இங்க வந்து நிக்கிறோம். முழுசாக் கேளுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் உட்காரவில்லை. போகவும் இல்லை. "சரி, சொல்லுடா. என்ன கேக்குது?"

சின்னையாவுக்கு வேகமாகப் பேச வராது. எச்சிலைத் துடைத்துக்கொண்டான்.

"முன்ன முதுகுக்குப் பின்னால இருந்தாங்க. இப்ப ரோட்டுக்கு அந்தாண்ட இருக்காங்க. பேசுறாங்கன்னு தெரியுது. என்னான்னு வெளங்கலை. மருந்து பேசுறதில்ல. முன்ன பதில் சொல்வேன். இப்ப சொல்றதில்ல. சும்மா இருந்தா அவங்களும் போயிடுறாங்க. போனா வீடு ரொம்ப அமைதியா இருக்கு மாமா. அது ஒரு மாதிரி இருக்கு."

நாகையா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அக்காவைத் தள்ளுவியா?"

"தெரியலை மாமா. தள்ளக் கூடாதுன்னு இருக்கு."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்ததா என்று சொல்ல முடியாது. தலையில் இருந்த சந்தனத்தைச் சுரண்டினார். "அடுத்த தைப்பூசம் வரட்டும்" என்றார். பிறகு, "யாராச்சும் ஒரு டீ குடுங்க, தொண்டை காயுது."

பவுனம்மாள் உள்ளே திரும்பினாள். அதற்குள் சின்னையா சமையலறைக்குப் போயிருந்தான். மைலோ டின் கண்டெடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறான். அவள் கை பட்ட டம்ளரை இன்றுவரை தொடவில்லை. இனியும் தொடுவானா என்பது தெரியாது.

மூன்று டம்ளர்களோடு வந்தான். மாமாவுக்கு ஒன்று கொடுத்தான். அவளுக்கு ஒன்றை நீட்டினான். அவள் அதை வாங்கிக் கையில் வைத்திருந்தாள். ஏன் உடனே குடிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை.

சின்னையா அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்டக்டராக இருந்தபோது அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அது குத்தலா விளையாட்டா என்று பிரிக்க முடியவில்லை.

"குடிக்கா" என்றான். "சீனிதான்."

அவள் குடித்தாள். தாங்க முடியாத தித்திப்பு.